எதிரெதிர் அணிகளில் ஒரே தீவு

1760 ஜனவரி 22. வந்தவாசிக் கோட்டைக்கு வெளியே ஆங்கிலேயப் படையும் பிரெஞ்சுப் படையும் மோதின. தென்னிந்தியாவில் நிலைக்கப்போவது லண்டனா, பாரிஸா என்ற கேள்விக்கு அன்று பகலிலேயே ஏறக்குறைய விடை கிடைத்துவிட்டது. ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த போர் என்றுதான் பள்ளிக்கூடத்தில் இதைப் படிக்கிறோம். ஆனால் இரண்டு தளபதிகளின் பூர்வீகத்தையும் தேடிப் போனால் இருவரின் வேரும் ஒரே தீவில் முடிகிறது. ஆங்கிலேயப் படையை நடத்திய ஐர் கூட், அயர்லாந்தின் லிமெரிக் மாவட்டத்துக்காரர். பிரெஞ்சுப் படையின் தளபதி லாலி பிறந்தது பிரான்சில் என்றாலும், அவருடைய தகப்பனார் அயர்லாந்தின் கால்வே மாவட்டத்தில், டூவம் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பழங்குடும்பத்தைச் சேர்ந்தவர்.

இது ஏதோ தற்செயலாக நடந்துவிட்ட விஷயம் இல்லை. உலகம் முழுவதும் பேர் எடுத்த அயர்லாந்துக்காரர்களின் வாழ்க்கையைப் புரட்டினால் இந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு பேரரசைக் கட்டும் இடத்திலும் ஒருவர் இருப்பார், அதை இடிக்கும் இடத்திலும் ஒருவர் இருப்பார். சில சமயம் இருவரும் அப்பாவும் பிள்ளையுமாகக்கூட இருப்பார்கள்.

காரணம் அவர்களுடைய வரலாற்றில் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் கத்தோலிக்க மன்னர் இரண்டாம் ஜேம்ஸுக்காகப் போரிட்டுத் தோற்ற அயர்லாந்துப் படை, 1691-இல் லிமெரிக் நகரில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. அதன்படி பேட்ரிக் சார்ஸ்ஃபீல்டு என்ற தளபதியோடு சுமார் 14,000 வீரர்கள் கப்பலேறிப் பிரான்சுக்குப் போனார்கள். 'காட்டு வாத்துகள்' என்று ஊர் மக்கள் அவர்களுக்குப் பெயர் வைத்தார்கள். பின்னால் தங்கிவிட்ட கத்தோலிக்கர்களின் தலையில் அடுக்கடுக்காகச் சட்டங்கள் இறங்கின. நிலம் வாங்க முடியாது. நாடாளுமன்றத்தில் உட்கார முடியாது. ஐந்து பவுண்டுக்கு மேல் விலை பெறும் குதிரையைக்கூட வைத்துக்கொள்ள முடியாது. சொந்த ஊரில் தலையெடுக்க வழி இல்லாத இளைஞனுக்கு அந்நிய நாட்டுப் படை ஒன்றே திறந்திருந்த கதவு. புராட்டஸ்டன்ட் குடும்பத்துப் பிள்ளை என்றால் பிரிட்டிஷ் படை, கத்தோலிக்கர் என்றால் பிரான்சோ ஸ்பெயினோ ஆஸ்திரியாவோ. கூட்டின் தகப்பனார் ஒரு புராட்டஸ்டன்ட் போதகர். லாலியின் தகப்பனார் மன்னர் ஜேம்ஸின் பக்கம் நின்று ஊரை இழந்தவர். ஆகவே பிள்ளைகள் வந்தவாசியில் எதிரெதிரே நின்றார்கள்.

லாலியின் கதை துயரமானது. 1745-இல் ஃபோன்டெனோய் போர்க்களத்தில் பிரிட்டிஷ் படையைத் தோற்கடிப்பதில் பிரெஞ்சுப் படையின் அயர்லாந்துப் பிரிவுக்குப் பெரும்பங்கு உண்டு, அதில் பேர் வாங்கியவர்களில் அவரும் ஒருவர். 1758-இல் புதுச்சேரியில் வந்து இறங்கியவர், சில வாரங்களிலேயே கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்தார். பிறகு எல்லாம் சறுக்கல்தான். கையில் பணம் இல்லை. புதுச்சேரி நிர்வாகசபையோடு ஓயாத சண்டை. பணம் வசூலிக்கத் தஞ்சாவூர் மேல் படையெடுத்துப் போய் வெறுங்கையோடு திரும்பினார். சென்னையை இரண்டு மாதம் முற்றுகையிட்டும் பிடிக்க முடியவில்லை. வீரத்தில் குறை சொல்ல முடியாதவர், ஆனால் நாக்கில் நெருப்பு. இந்த ஊரின் பழக்கவழக்கங்களை அவர் மதிக்கவே இல்லை. உள்ளூர் மக்களை வலுக்கட்டாயமாகப் பிடித்துவந்து படைச் சுமைகளை இழுக்க வைத்தார். அவர் காலத்துப் புதுச்சேரி பட்ட பாடு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் பதிவாகியிருக்கிறது. 1761 ஜனவரியில் புதுச்சேரி கூட்டிடம் வீழ்ந்தது. கைதியாக இங்கிலாந்துக்குப் போன லாலி, தன் மேல் சுமத்தப்பட்ட பழியைத் துடைக்க அனுமதி வாங்கிக்கொண்டு தானாகவே பிரான்சுக்குத் திரும்பினார். அங்கே துரோகி என்று தீர்ப்பு எழுதி 1766-இல் அவர் தலையை வெட்டினார்கள். அந்தத் தீர்ப்பு அநியாயம் என்று எழுதியவர்களில் வால்டேரும் ஒருவர். லாலியின் மகன் விடாமல் போராடி, 1778-இல் அதை ரத்து செய்ய வைத்தார்.

வென்ற கூட்டுக்கு அந்த அவலம் இல்லை. 1781-இல் பரங்கிப்பேட்டையில் ஹைதர் அலியைத் தோற்கடித்தார். இரண்டு ஆண்டுகள் கழித்துச் சென்னையிலேயே காலமானார்.

இதே காலத்தில் உலகத்தின் மறுகோடியில் இன்னொரு அயர்லாந்துக்காரர் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தார். ஸ்லைகோ மாவட்டத்தில் பிறந்து, ஸ்பெயினுக்குப் போய், அங்கிருந்து தென் அமெரிக்காவில் கரையேறியவர் அம்ப்ரோசியோ ஓ'ஹிகின்ஸ். கத்தோலிக்கராக இருந்ததால் சொந்த நாட்டில் ஒரு சாதாரணப் பதவிகூடக் கிடைக்காத மனிதர், ஸ்பானிய மன்னரின் கீழ் 1788-இல் சிலியின் ஆளுநரானார். 1796-இல் பெருவின் வைஸ்ராய். ஸ்பானியப் பேரரசில் அந்தக் கண்டத்தில் அதற்கு மேல் உயர்ந்த நாற்காலி அநேகமாகக் கிடையாது.

அவருடைய மகன் பெர்னார்டோ, மணவாழ்க்கைக்கு வெளியே பிறந்தவர். தகப்பன் முகத்தைப் பார்க்கவே வழி இல்லாமல் வளர்ந்தார். படிப்பதற்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அங்கே வெனிசுவேலாவின் புரட்சியாளர் பிரான்சிஸ்கோ டி மிராண்டாவைச் சந்தித்தார். ஸ்பெயினிடமிருந்து தென் அமெரிக்கா விடுதலை பெற வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் அவருக்குள் வேர்பிடித்தது. தகப்பன் கட்டிக் காத்த ஆட்சியை மகன் படை திரட்டி முடிவுக்குக் கொண்டுவந்தார். 1818-இல் சிலி சுதந்திர நாடாக அறிவிக்கப்பட்டபோது அதன் தலைவர் பெர்னார்டோ ஓ'ஹிகின்ஸ். சாண்டியாகோ நகரின் மிகப் பெரிய சாலைக்கு இன்றும் அவர் பெயர்தான்.

அவருக்கு அண்டை நாடான அர்ஜென்டினாவில் வில்லியம் பிரவுன். மேயோ மாவட்டத்தின் ஃபாக்ஸ்ஃபோர்டு ஊரில் 1777-இல் பிறந்தவர். சிறுவனாகத் தகப்பனோடு அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவுக்குப் போனார். போன கொஞ்ச நாளில் மஞ்சள் காய்ச்சலில் தகப்பன் இறந்துவிட, அநாதையான பையன் வணிகக் கப்பலில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தான். பிரிட்டிஷ் கடற்படை அவனை வலுக்கட்டாயமாகப் பிடித்துக்கொண்டது, பிறகு பிரெஞ்சுக்காரர்கள் சிறைப்பிடித்தார்கள், அங்கிருந்தும் தப்பினான். கடைசியில் வியாபாரியாகப் புவனோஸ் ஐரிஸில் வந்து நின்றபோது அந்த நாடு ஸ்பெயினை எதிர்த்துக் கிளம்பியிருந்தது. அதற்குக் கடற்படை என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. கிடைத்த வணிகக் கப்பல்களில் பீரங்கிகளை ஏற்றி, பல நாட்டு மாலுமிகளைத் திரட்டி, பிரவுன் ஒரு படையை உண்டாக்கினார். 1814-இல் மான்டெவீடியோவுக்கு எதிரே ஸ்பானியக் கப்பல்களைத் தோற்கடித்தார். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு பிரேசிலோடு போர் மூண்டபோது, தன்னைவிடப் பல மடங்கு பெரிய கடற்படையோடு மோதி 1827-இல் ஹுன்கால் தீவருகே வென்றார். அர்ஜென்டினாவில் இன்று பிரவுன் பெயர் தாங்கிய சாலைகளையும் பள்ளிகளையும் எண்ணி மாளாது. அதே நாட்டில் பிறந்த சே குவேராவின் தந்தைவழி முன்னோரில் ஒருவர் கால்வேயிலிருந்து போன பேட்ரிக் லிஞ்ச் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும்.

பிரவுன் முதுமையில், 1847-இல், பிறந்த மண்ணைப் பார்க்க வந்தார். அயர்லாந்து அப்போது செத்துக்கொண்டிருந்தது.

உருளைக்கிழங்கைத் தாக்கிய ஒரு நோய் 1845-இல் தொடங்கி, ஏழைகளின் ஒரே உணவை வேரோடு அழித்தது. சின்னத் துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பிழைத்த குடும்பங்களுக்கு வேறு சாப்பாடே கிடையாது. அதே நிலத்தில் விளைந்த தானியமும் வளர்ந்த கால்நடையும் நிலக்கிழாரின் குத்தகைக்காகத் துறைமுகம் போய் இங்கிலாந்துக்குக் கப்பலேறின. சுமார் பத்து லட்சம் பேர் பசியிலும் காய்ச்சலிலும் மாண்டார்கள். அதைவிட அதிகமானோர் கப்பலேறினார்கள். 1841-இல் 82 லட்சத்தை ஒட்டியிருந்த மக்கள்தொகை பத்தே ஆண்டில் 66 லட்சத்துக்கும் கீழே போனது. அந்தத் தீவின் மக்கள்தொகை பஞ்சத்துக்கு முந்தைய அளவை இன்றுவரை எட்டவில்லை. இதை இயற்கைப் பேரழிவு என்று மட்டும் சொல்வது பெரிய பொய். கிழங்கை அழித்தது நோய்தான். ஆனால் விளைந்த உணவு கப்பலேறுவதைப் பார்த்துக்கொண்டு இருந்தது ஓர் அரசாங்கம்.

அந்தக் கப்பல்களில் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அமெரிக்காவை உருமாற்றினார்கள். 1847-இல் கார்க் மாவட்டத்தின் பாலினஸ்கார்த்தியிலிருந்து கிளம்பிய குத்தகைக் குடும்பத்தின் மகன் வில்லியம் ஃபோர்டு. அவருடைய மகன் ஹென்றி, கார் தொழிலின் முகத்தையே மாற்றினார். வெக்ஸ்ஃபோர்டிலிருந்து பாஸ்டன் போய் மரப்பீப்பாய் செய்து பிழைத்த பேட்ரிக் கென்னடி, பத்தாண்டுக்குள் காலராவில் இறந்தார். அவருடைய கொள்ளுப்பேரன் ஜான் எஃப். கென்னடி. 1963 ஜூனில் குடியரசுத் தலைவராக அயர்லாந்து வந்தபோது கொள்ளுத்தாத்தாவின் பண்ணை வீட்டு முற்றத்தில் உறவினர்களோடு தேநீர் குடித்தார்.

ஆனால் பஞ்சத்தின் நினைவு ஒரு மனிதரின் மூளையில் எந்திரமாக வடிவெடுத்த கதை, இவை எல்லாவற்றையும்விட வியப்பானது.

ஜான் ஃபிலிப் ஹாலண்டு 1841-இல் கிளேர் மாவட்டத்தின் லிஸ்கேனர் என்ற கடலோர ஊரில் பிறந்தார். வீட்டில் பேசியது ஐரிஷ் மொழி. அவர் சிறுவனாக இருந்தபோதே பஞ்சம் வந்துவிட்டது. வளர்ந்து பள்ளி ஆசிரியரானார், உடல்நலம் குன்றி 1873-இல் அமெரிக்கா போனார். அங்கேயும் நியூ ஜெர்சியின் பேட்டர்சன் ஊரில் ஆசிரியர் வேலைதான். மனம் முழுக்க ஒரே சிந்தனை: தண்ணீருக்கு அடியில் ஓடும் கப்பல். பிரிட்டனின் பலமே அதன் கடற்படை. அந்த மாபெரும் போர்க்கப்பல்களைக் கண்ணுக்குத் தெரியாமல் அடியிலிருந்து தாக்க ஒரு சின்னக் கலம் போதும் என்பது அவர் கணக்கு. 1875-இல் தன் வரைபடத்தை அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். நடக்காத காரியம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பணம் கொடுத்தவர்கள் ஃபீனியன்கள். பிரிட்டிஷ் ஆட்சியை ஆயுதத்தால் ஒழிக்க வேண்டும் என்று அமெரிக்காவில் நிதி திரட்டிய அயர்லாந்துப் புரட்சியாளர்கள் இவர்கள். 1881-இல் 'ஃபீனியன் ராம்' என்ற மூன்று பேர் ஓட்டும் கலம் நியூயார்க்கில் தண்ணீரில் இறங்கியது. கணக்கு வழக்கில் தகராறு முற்றியதும், 1883-இல் ஃபீனியன்களே அதை இரவோடு இரவாகக் கடத்திக்கொண்டு போனார்கள். கொண்டுபோனவர்களுக்கு ஓட்டத் தெரியவில்லை. ஹாலண்டு உதவ மறுத்துவிட்டார். அந்தக் கலம் இன்று பேட்டர்சன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அவர் கை விடவில்லை. நீரின் மேற்பரப்பில் ஓட பெட்ரோல் எஞ்சின், அடியில் ஓட மின்கலத்தில் இயங்கும் மோட்டார், இரண்டையும் ஒரே கலத்தில் பொருத்தினார். எடையைக் கூட்டிக் கல்லைப்போல் மூழ்குவதற்குப் பதிலாக, சுக்கான் தட்டுகளைச் சாய்த்து முன்னோக்கிப் பாய்ந்தபடியே கீழிறங்கும் முறையைக் கையாண்டார். 1897-இல் வெள்ளோட்டம் விட்ட ஆறாவது ஹாலண்டு கலத்தை, 1900 ஏப்ரலில் அமெரிக்கக் கடற்படை 1,50,000 டாலருக்கு வாங்கியது. நவீன நீர்மூழ்கிக் கப்பலின் அடிப்படை அமைப்பு அதுதான். அடுத்த ஆண்டே ஹாலண்டின் வடிவமைப்பில் தன் முதல் நீர்மூழ்கியைக் கடலில் இறக்கிய நாடு எது தெரியுமா? பிரிட்டன். எந்தக் கடற்படையை அழிப்பதற்காக யோசிக்கத் தொடங்கினாரோ, அதே கடற்படைக்கு அவருடைய அறிவு போய்ச் சேர்ந்தது. அதற்குள் கம்பெனியின் கட்டுப்பாடு முதலீட்டாளர்கள் கைக்குப் போயிருந்தது. 1904-இல் அவர் விலகினார். 1914 ஆகஸ்டில், முதல் உலகப் போர் தொடங்கிய சில நாட்களில் இறந்தார். செப்டம்பர் 22 அன்று ஒரே ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி, ஒரு காலைப் பொழுதுக்குள் மூன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை மூழ்கடித்தது. ஹாலண்டின் பழைய கணக்கு சரி என்பதை உலகம் 1,400-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்துத் தெரிந்துகொண்டது.

இந்தியாவுக்குத் திரும்பலாம். பஞ்சாப் மாகாணத்தில் ஓர் ஆண்டு இடைவெளியில் நடந்த இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1919 ஏப்ரலில் ஜாலியன்வாலா பாக்கில் ஜெனரல் டயர் சுடச் சொன்னபோது பஞ்சாபின் துணைநிலை ஆளுநராக இருந்து, அந்தச் செயலைச் சரி என்று ஏற்றுக்கொண்டவர் மைக்கேல் ஓ'டுவையர். அயர்லாந்தின் டிப்பரேரி மாவட்டத்தில் பிறந்த கத்தோலிக்கர். 1940-இல் லண்டனில் உதம் சிங் சுட்டுக் கொன்றது இவரைத்தான். 1920 ஜூனில் அதே பஞ்சாபின் ஜலந்தரில், பிரிட்டிஷ் ராணுவத்தின் கன்னாட் ரேஞ்சர்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்த அயர்லாந்துச் சிப்பாய்கள் துப்பாக்கிகளைக் கீழே வைத்தார்கள். தங்கள் ஊரில் பிரிட்டிஷ் படைகள் நடத்தும் அட்டூழியம் நிற்கும்வரை வேலை செய்ய மாட்டோம் என்றார்கள். செய்தி மலையேறி சோலன் முகாமுக்குப் போயிற்று. அங்கே தலைமை ஏற்றவர் ஜேம்ஸ் டேலி, வயது இருபது. ஆயுதக் கிடங்கைக் கைப்பற்றப் போனபோது இருவர் சுடப்பட்டு இறந்தார்கள். நவம்பர் 2 அன்று தக்ஷாய் சிறையில் டேலியைச் சுட்டுக் கொன்றார்கள். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1970-இல், அவர் எலும்புகள் அயர்லாந்துக்குப் போயின. ஆட்சி செய்ய வந்தவரும் அந்த ஆட்சியால் சுடப்பட்டவரும் ஒரே மண்ணின் பிள்ளைகள். இதில் யாரை 'உண்மையான' அயர்லாந்துக்காரர் என்பது? இருவரையும்தான். சாதனையாளர் பட்டியலில் ஒருவரை மட்டும் எழுதி மற்றவரை மறைத்தால் அந்த நாட்டின் கதையே புரியாது.

தமிழ் வாசகர்கள் இந்த இடத்தில் கால்டுவெல்லை எதிர்பார்ப்பார்கள். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிட்ட அவர், 1814-இல் பிறந்தது அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில்தான். ஆனால் பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள், சிறு வயதிலேயே குடும்பம் கிளாஸ்கோவுக்குத் திரும்பிவிட்டது. பிறந்த ஊரை மட்டும் வைத்து அவரை அயர்லாந்துக் கணக்கில் சேர்ப்பது வலிந்து செய்யும் காரியம். இடையன்குடியில் அரை நூற்றாண்டு வாழ்ந்தவருக்கு அந்த ஊரே பொருத்தமான முகவரி.

உண்மையான அயர்லாந்து உறவு சென்னையின் அரசியலில் இருக்கிறது. 1894-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் ஆல்ஃபிரட் வெப். டப்ளின்காரர், அச்சகம் நடத்தியவர், அயர்லாந்தின் தன்னாட்சிக்காக வாதாடிய நாடாளுமன்ற உறுப்பினர். கறுப்பின விடுதலைப் போராளி ஃபிரெடரிக் டக்ளஸின் தன்வரலாற்றை 1845-இல் டப்ளினில் அச்சிட்டவர் இவருடைய தகப்பனார். அயர்லாந்தின் டங்கானன் ஊரில் பிறந்த மார்கரெட் நோபிள், கல்கத்தாவில் சகோதரி நிவேதிதாவானார். 'ஸ்வதேச கீதங்க'ளைப் பாரதி காணிக்கையாக்கியது அவருக்குத்தான். அயர்லாந்து வம்சாவளியில் லண்டனில் பிறந்த அன்னி பெசன்ட், 1916-இல் சென்னையில் தொடங்கிய இயக்கத்துக்கு அயர்லாந்தின் 'ஹோம் ரூல்' என்ற பெயரையே வைத்தார். இவர்களைப் பற்றித் தமிழில் நிறைய எழுதியிருக்கிறார்கள். மார்கரெட் கசின்ஸைப் பற்றி அந்த அளவுக்கு எழுதவில்லை. அது ஒரு குறை.

1878-இல் ராஸ்காமன் மாவட்டத்தின் பாய்ல் ஊரில் பிறந்தவர் மார்கரெட். இசையில் பட்டம் பெற்றவர். 1908-இல் ஹன்னா ஷீஹி ஸ்கெஃபிங்டனோடு சேர்ந்து அயர்லாந்துப் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தைத் தொடங்கினார். 1910-இல் லண்டனில் அமைச்சர் வீட்டுச் சன்னல்களைக் கல்லெறிந்து உடைத்ததற்காக ஹாலவே சிறையில் ஒரு மாதம் இருந்தார். 1913-இல் டப்ளின் கோட்டையின் சன்னல்களை உடைத்து டலமூர் சிறைக்குப் போனார், அங்கே தங்களை அரசியல் கைதிகளாக நடத்தக் கோரி உண்ணாவிரதம் இருந்தார். 1915-இல் கணவர் ஜேம்ஸோடு சென்னைக்கு வந்தார். பெசன்டின் 'நியூ இந்தியா' பத்திரிகையில் ஜேம்ஸுக்கு வேலை. மறு ஆண்டு டப்ளினில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக ஈஸ்டர் எழுச்சி வெடித்தது. ஜேம்ஸ் அதைப் பாராட்டி எழுத, அரசாங்கத்தின் கோபத்தால் பெசன்ட் அவரை வேலையிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று. தம்பதியர் அன்றைய சென்னை மாகாணத்தின் மதனப்பள்ளிக்குப் போய் ஆசிரியர்களானார்கள். 1919 பிப்ரவரியில் அங்கே தங்கிய தாகூர் பாடிக் காட்ட, 'ஜன கண மன'வின் மெட்டை இசைக்குறிப்பாக எழுதி வைத்தவர் மார்கரெட்.

அதைவிடப் பெரிய வேலையை அவர் அடையாற்றில் செய்தார். 1917-இல் அங்கே உருவான இந்திய மாதர் சங்கத்தின் உந்துசக்தி அவர். அந்த டிசம்பரில் இந்தியாவுக்கான அமைச்சர் மாண்டேகு சென்னை வந்தபோது, சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று அவரைச் சந்தித்து வாக்குரிமை கேட்டது. ஏற்பாடு செய்தவர் மார்கரெட். இங்கிலாந்திலேயே பெண்களுக்கு அப்போது வாக்குரிமை கிடையாது. 1921-இல் சென்னைச் சட்டசபை, வாக்களிக்கப் பெண்ணாக இருப்பது தடையில்லை என்று தீர்மானித்தது. சொத்துத் தகுதி உள்ளவர்களுக்கு மட்டும்தான். ஆனாலும் பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் அதுவே முதல். ஆறு ஆண்டுகளில் மாதர் சங்கம் முன்னிறுத்திய மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி அந்தச் சபைக்குள் நுழைந்தார். மார்கரெட் சைதாப்பேட்டையில் இந்தியாவின் முதல் பெண் மாஜிஸ்திரேட்டாகவும் இருந்தார்.

சட்டத்தின் நாற்காலியில் உட்கார்ந்த அவரை, பத்து ஆண்டுகளில் அதே சட்டம் பிடித்தது. 1932-இல் காங்கிரஸ் இயக்கத்தை ஒடுக்க வந்த அவசரச் சட்டங்களை எதிர்த்துப் பொதுக்கூட்டத்தில் பேசியதற்காக ஓராண்டுத் தண்டனை. இம்முறை வேலூர் பெண்கள் சிறை. லண்டன், அயர்லாந்து, தமிழ்நாடு என்று மூன்று இடத்திலும் அவரைச் சிறை வைத்தது ஒரே அரசு. உள்ளே போன பின்னும் காந்தியின் உண்ணாவிரதத்துக்கு ஆதரவாகத் தானும் பட்டினி கிடந்தார். 1940-களில் பக்கவாதத்தால் முடங்கி, 1954-இல் காலமானார். அவரும் ஜேம்ஸும் சேர்ந்து எழுதிய தன்வரலாறு, 'வி டூ டுகெதர்' என்ற பெயரில் 1950-இல் சென்னையில்தான் வெளிவந்தது. அது தமிழில் வர வேண்டிய புத்தகம்.